பெட்டி ஊர் சுற்றட்டும்: மாவட்ட வாசிப்புத் திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர்களுக்கும், மாவட்ட நூலக ஆணைக்குழுவினருக்கும், முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

புத்தகத் திருவிழா முடிந்த கையோடு மாவட்டம் முழுக்க வாசிப்புத் திட்டம் என்றொரு அறிவிப்பு வருவது தமிழ்நாட்டில் இப்போது வழக்கமாகி வருகிறது. அதை மனதார வரவேற்கிறோம். நூலகங்களிலும் அரசுப் பள்ளிகளிலும் அன்றாடம் புத்தகங்களோடு புழங்குகிற நூலகர்கள், ஆசிரியர்கள், வாசகர் வட்டத்தினர் சேர்ந்து எழுதும் மடல் இது. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். தொடக்க விழாவுக்கு நாள் குறிக்கும் முன், புத்தகம் நூலகத்திலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து வீட்டுக்கும் போய்த் திரும்பி வருகிற வழியைச் சரிசெய்து கொடுங்கள்.

மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளிலும் ஒரே நேரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் வாசிக்கச் செய்ய ஒரு சுற்றறிக்கை போதும். மறுநாள் மாலை அதே பிள்ளை வீட்டுக்குப் போகும்போது பையில் ஒரு கதைப் புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. பள்ளியில் புத்தகம் இருக்கிறது, பீரோவுக்குள் இருக்கிறது, பீரோ பூட்டியிருக்கிறது. தெருவுக்கு எதிரே நூலகம் இருக்கிறது, அங்கும் புத்தகம் இருக்கிறது, ஆனால் உறுப்பினர் அட்டை இல்லாத பிள்ளைக்கு அது கிடைக்காது. பொது நூலகங்களும் அரசுப் பள்ளிகளும் ஒரே பள்ளிக்கல்வித் துறையின் கீழ்தான் இருக்கின்றன. இருந்தும், நூலகத்துப் புத்தகம் நூலகர் பொறுப்பு, பள்ளிப் புத்தகம் தலைமையாசிரியர் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு புத்தகம் கைமாற வேண்டுமென்றால் அதற்கான முறையான சீட்டுகூட நடைமுறையில் இல்லை.

ஆகவே திட்டத்தின் முதுகெலும்பாக நாங்கள் சொல்வது சுற்றுப் பெட்டி, அதாவது நூலகத்திலிருந்து கிளம்பி மாதம் ஒரு பள்ளியாகச் சுற்றிவரும் புத்தகப் பெட்டி. இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1931இலேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் தம் ஐந்து நூலக விதிகளை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது அவற்றில் முதலாவது.

ஒரு நூலகத்தையும் அதைச் சுற்றி நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய தூரத்தில் இருக்கும் ஐந்து பள்ளிகளையும் ஒரு தொகுதியாகக் கொள்ளுங்கள். ஐந்து பள்ளிக்கு ஆறு பெட்டி. பெட்டிக்கு 50 புத்தகம், அதாவது 25 தலைப்பு, தலைப்புக்கு இரண்டு பிரதி. இரண்டு பிரதி ஏன் என்றால், ஒரே கதையை ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகள் படித்தால்தான் அதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கும். பேச ஆள் இருக்கும் புத்தகம் மூன்றாவது பிள்ளையின் கைக்குத் தானாகப் போய்ச் சேரும். பொது நூலகங்களுக்காக அரசு மொத்தமாக வாங்கும் நூலக ஆணையில் வரும் நூல்கள் கிளைக்கு ஒரு பிரதி, மிஞ்சினால் இரண்டு பிரதி என்றே பிரிகின்றன. எல்லாத் தலைப்பையும் எல்லா ஊருக்கும் ஒவ்வொன்றாகத் தூவுவதைவிட, சிறார் நூல்களை மட்டுமாவது இப்படி இரட்டைப் பிரதியாக, தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கொடுக்கும்படி கேட்கிறோம்.

ஆறாவது பெட்டி எதற்கு? எந்த மாதத்திலும் ஒரு பெட்டி நூலகத்தில் இருந்தாக வேண்டும். எண்ணிச் சரிபார்க்க, கிழிந்ததைத் தைக்க, காணாமல் போனதற்கு மாற்று வைக்க அந்த ஒரு மாதம் தேவை. ஐந்து பள்ளிக்கு ஐந்து பெட்டி என்று சிக்கனம் பிடித்தால் மூன்றாவது சுற்றிலேயே பாதிப் புத்தகம் அட்டை இல்லாமல் அலையும்.

நாட்காட்டியைப் பார்த்தால் இந்தக் கணக்கு அழகாகப் பொருந்தும். ஜூனில் சேர்க்கையும் பாடநூல் வழங்கலுமாக ஆசிரியர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. செப்டம்பர் காலாண்டுத் தேர்வு, டிசம்பர் அரையாண்டுத் தேர்வு, மார்ச் முதல் ஆண்டுத் தேர்வு. மீதி ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர், ஜனவரி, பிப்ரவரி என ஆறு சுற்று. ஆறு சுற்றில் ஒவ்வொரு பள்ளியும் ஆறு பெட்டியையும் பார்த்துவிடும், 150 தலைப்பு. தேர்வு மாதங்களில் பெட்டியைத் திரும்பக் கேட்காதீர்கள், அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். நவம்பர் 14இல் தேசிய நூலக வாரம் தொடங்குகிறது என்பதற்காகத் திட்டத்தையும் அன்றைக்கே தொடங்குவது எங்கள் பார்வையில் பிழை. மூன்றே வாரத்தில் அரையாண்டுத் தேர்வுக்கான திருப்புதல் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். தொடங்க வேண்டிய மாதம் ஜூலை. ஆணை வர வேண்டிய மாதம் ஏப்ரல்.

பெட்டிக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியே நல்லது. தகர டிரங்குப் பெட்டி கனம், துருப் பிடிக்கும், மழைக்காலத்தில் அடிப்பக்கத்துப் புத்தகத்தில் கறை ஏறும். 16 பக்கம், 32 பக்கச் சிறார் நூல்களும் கொஞ்சம் தடித்தவையும் கலந்து 50 என்றால் எடை ஆறு, ஏழு கிலோவுக்குள் அடங்கும். டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியின் முன்பக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விடலாம். வாடகை வண்டி, எரிபொருள் பில், அனுமதிக் கடிதம் எதுவும் வேண்டாம். எடை கூடினால் பெட்டி நகராது, நகராத பெட்டி இன்னொரு பீரோ ஆகிவிடும்.

புத்தகத்தைத் தயார் செய்வது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். திட்டங்கள் முடங்குவது இங்கேதான், மேலிடத்தில் யாரும் இதைக் கவனிப்பதும் இல்லை. சிறார் நூல்களில் பெரும்பாலானவை நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்தவை. இருபது கை மாறும் முன்பே பின்னைச் சுற்றித் தாள் கிழிந்து நடுத்தாள் கழன்றுவிடும், ஈரம் பட்டால் பின் துருப்பிடித்துத் தாளையே தின்னும். புத்தகம் வந்தவுடன், முதல் வாசகரிடம் போகும் முன்பே, பின்னைப் பிடுங்கிவிட்டு மடிப்பின் மேல் கோணூசியால் மூன்று துளை இட வேண்டும். நடுத்துளையில் உள்ளிருந்து தொடங்கி, மேல்துளை, கீழ்த்துளை வழியாகச் சுற்றி வந்து, மறுபடி நடுத்துளைக்குள் வந்து உள்பக்கமே முடிச்சுப் போட வேண்டும். மெழுகு தடவிய பருத்தி நூல் வழுக்காது. பழகிய கைக்கு ஒரு புத்தகத்துக்கு நான்கு நிமிடம். 300 புத்தகத்துக்கு 20 மணி நேரம். நான்கு பேர் ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

அட்டைக்குப் பழுப்புத் தாள் போடாதீர்கள். பிள்ளை புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது அட்டைப் படத்தைப் பார்த்துத்தான். மேல்தாள் வேண்டுமென்றால் கண்ணாடித் தாள் போடுங்கள். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டினால் ஓராண்டில் மஞ்சளாகி, உரிக்கும்போது எழுத்தையும் சேர்த்து உரித்துவரும். மெல்லிய தாளை ஃபெவிகால் தொட்டு ஒட்டுவதே நிற்கும். பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு. கை வாய்க்குப் போகும் வயதுப் பிள்ளைகளின் நூல்களுக்கு அந்தப் பசை கூடவே கூடாது. இதைக் கொள்முதல் ஆணையிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

நிலைக் குறிக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகள் வைத்திருக்கிறார்கள். பெயரே சொல்லிவிடுகிறது. அதையே நூலகப் புத்தகங்களுக்கும் நீட்டி, நான்கு நிறப் பொட்டுகளாக முன்னட்டையின் இடது மேல் மூலையில் ஒட்டினால் போதும். மெல்லிய புத்தகத்துக்கு முதுகு இல்லாததால் முதுகில் ஒட்டும் சீட்டு நிற்காது. எல்லாப் பெட்டியிலும் நான்கு நிறமும் இருக்கட்டும். தொடக்கப் பள்ளிக்குத் தனிப் பெட்டி, உயர்நிலைப் பள்ளிக்குத் தனிப் பெட்டி என்று பிரித்தால், ஏழாம் வகுப்பில் இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு ஏற்றது எதுவுமே இருக்காது.

அந்தப் பிள்ளையின் கூச்சம் பெரிய கூச்சம். எட்டாம் வகுப்பு மாணவன் 'நட' நிலைப் புத்தகத்தை மற்றவர் எதிரே எடுக்கவே மாட்டான். அவனிடம், வெள்ளிக்கிழமை இரண்டாம் வகுப்புக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். அந்த மெல்லிய புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் நான்கு தடவை உரக்கப் படித்துப் பழகுவதற்கு அவனுக்கு மரியாதையான ஒரு காரணம் கிடைத்துவிடும். தனி வகுப்பு போட்டு, மெல்லக் கற்போர் என்று பெயர் சூட்டி உட்காரவைப்பதைவிட இது பல மடங்கு பயன் தரும் என்பதில் எங்களுக்குச் சிறிதும் ஐயமில்லை.

வகுப்பறையில் இதற்கு நாளுக்கு 20 நிமிடம் கேட்கிறோம். மதிய உணவுக்குப் பிறகு வரும் முதல் பாடவேளையின் தொடக்கம் பொருத்தமானது. வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை என்று கால அட்டவணையில் போட்டு வைத்தால் கணக்குப் பாடம் அதை எடுத்துக்கொள்ளும். தினம் 20 நிமிடத்தை அப்படி எளிதில் எடுக்க முடியாது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு ஆசிரியர் படத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்து வாசித்துக் காட்ட வேண்டும். மற்ற வகுப்பினர் தாங்களாகவே படிக்கட்டும், ஆசிரியரும் தம் புத்தகத்தைப் படிக்கட்டும். படித்த பிறகு கேள்வி கேட்பது, நீதி என்ன என்று சொல்லச் சொல்வது, மதிப்புரை எழுதிவரச் சொல்வது ஆகிய மூன்றையும் தயவுசெய்து விலக்குங்கள். ஒரு பக்கம் எழுதினால்தான் அடுத்த புத்தகம் என்று வைத்தால், எழுதச் சிரமப்படும் பிள்ளைக்கு அடுத்த புத்தகமே கிடையாது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டிகளிலும் ஆண்டுதோறும் அதே நான்கைந்து பிள்ளைகளே மேடை ஏறுகிறார்கள், மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். பரிசுக்கு ஒதுக்கும் தொகையைப் புத்தகத்தில் போடுங்கள்.

பதிவேடு ஒரே ஒரு நோட்டு. புத்தக எண், பெயர், எடுத்த நாள், கொடுத்த நாள். வகுப்புக்கு இரண்டு பிள்ளைகள் மாதம் மாறி மாறி எழுதட்டும். பள்ளி விவரங்களை ஆசிரியர்கள் பதிவேற்றும் எமிஸ் செயலியில் இதற்கென்று இன்னொரு பதிவைச் சேர்த்துவிடாதீர்கள். பதிவேற்றம் கட்டாயம் ஆன அன்றே, பதிவேற்ற நேரமில்லாத ஆசிரியர் பெட்டியை மூடிவிடுவார்.

இப்போது பீரோ பூட்டுக்கு வருகிறோம். புத்தகத்தைப் பூட்டி வைக்கும் ஆசிரியருக்கோ நூலகருக்கோ வாசிப்பின் மேல் வெறுப்பு இல்லை, தணிக்கையின் மேல் அச்சம். இருப்பில் பத்துப் புத்தகம் குறைந்தால் விளக்கம் எழுத வேண்டும், கைக்காசிலிருந்து கட்ட வேண்டும் என்ற நிலையில் யார்தான் துணிந்து கொடுப்பார்கள்? கொடுக்காமலே இருந்தால் இருப்பு சரியாக இருக்கும், கேள்வியே வராது. இந்த ஏற்பாடு பூட்டி வைப்பவருக்கு நிம்மதியையும் கொடுப்பவருக்குத் தண்டனையையும் தருகிறது.

மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, இதற்கு நல்ல வழி காட்டுகின்றன. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் இழப்பு என்பது, நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை, இயல்பான இழப்பு என்று அவை ஏற்கின்றன. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ளவையும் அரிய நூல்களும் மட்டும் கட்டாயம் விசாரிக்கப்பட வேண்டும். அவை மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதிகள்தான். அதே அளவை நம் பள்ளிகளுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் தெளிவான ஆணையாகப் பெற்றுத் தரும்படி கேட்கிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பள்ளி, பெட்டிக்கு 50 புத்தகம், ஒவ்வொரு புத்தகமும் மாதத்துக்கு மூன்று தடவை வீட்டுக்குப் போகிறது, ஆறு சுற்று. மொத்தம் 4,500 வழங்கல். ஆயிரத்துக்கு ஐந்து என்றால் 22 புத்தகம். புத்தகத்துக்குச் சராசரி 60 ரூபாய் என்று வைத்தால் 1,320 ரூபாய். 300 புத்தகங்களின் விலை 18,000 ரூபாய். ஆண்டுக்கு 1,320 ரூபாய் போய்விடுமே என்ற பயத்தில் 18,000 ரூபாய்ப் புத்தகத்தை இருட்டில் வைத்திருக்கிறோம். அந்தப் பயத்தை உங்கள் கையெழுத்து ஒன்று போக்கிவிடும். அந்த ஆணையில் கைமாற்றுச் சீட்டுக்கும் ஒரு படிவம் சேருங்கள்: பெட்டி எண், புத்தக எண்ணிக்கை, நாள், இரண்டு கையொப்பம். பெட்டி பள்ளியில் இருக்கும் மாதத்தில் அதன் பொறுப்பு நூலகரின் தலையில் இல்லை என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

நூலகத்தின் பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. ஊர்ப்புற நூலகம் பலவற்றில் ஆள் ஒருவர்தான், அவர் பள்ளிக்குப் போனால் நூலகம் பூட்டப்படும். வாரத்தில் ஒரு பிற்பகல், புதன்கிழமை இரண்டரை முதல் நான்கு வரை என்று வைத்துக்கொள்வோம், பள்ளிப் பணி நேரம் என்று அறிவித்து, அதை வருகைப் பதிவேட்டில் பணியாகவே கணக்கிடுங்கள். வெள்ளிக்கிழமை வார விடுமுறை விடும் நூலகங்களில் சனிக்கிழமை காலையைப் பிள்ளைகளின் நேரமாக்கலாம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களே இன்று நூலக மேசைகளை நிரப்புகிறார்கள். அவர்களுக்கு அமைதி வேண்டும், பிள்ளைகளுக்குப் பேச இடம் வேண்டும், இரண்டு பேரும் நம் பிள்ளைகளே. மாலை நான்கு முதல் ஆறு வரை ஒரு மூலையில் அல்லது வராந்தாவில் இரண்டு பாய் விரித்து, அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டையும் சிறாருக்கு ஒதுக்கி, அட்டை தெரிய நிறுத்தி வைத்தாலே போதும். உறுப்பினர் காப்புத்தொகையும் சந்தாவும் சிறு தொகைதான், ஆனாலும் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அதற்காக ஒரு கையெழுத்தும் ஒரு நடையும் தள்ளிக்கொண்டே போகிறது. தலைமையாசிரியர் ஒப்பமிட்ட வகுப்புப் பட்டியலையே விண்ணப்பமாக ஏற்று, மொத்தமாக உறுப்பினர் அட்டை கொடுக்க வழிசெய்யுங்கள்.

பெரியவர்களை விட்டுவிட்டால் அது பள்ளித் திட்டம் ஆகிவிடும், ஊர்த் திட்டம் ஆகாது. ஊரே ஒரு நூலைப் படிப்பது என்ற எண்ணம் 1998இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர நூலகத்திலிருந்து பரவியது. ஒரே நாவலை ஆயிரம் பிரதி வாங்கும் வசதி நம் ஊர்ப்புற நூலகத்துக்கு இல்லை. அதனால் நாங்கள் பரிந்துரைப்பது சிறுகதை. நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்துகளில் ஒன்றை எடுத்தால் உரிமைச் சிக்கல் இல்லை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடினால் கிடைக்கும். 1,500 சொல் அளவில் ஒரு கதை. மூன்று ஏ4 தாளை நடுவில் மடித்தால் 12 பக்கம், ஒரு பக்கம் அட்டைக்குப் போக 11 பக்கத்தில் 14 புள்ளி எழுத்தில் தாராளமாக அடங்கும். அதைவிடச் சின்ன எழுத்தைக் கண்ணாடி போடாத பெரியவர்கள் தொடமாட்டார்கள். 500 பிரதிக்கு 1,500 தாள், அதாவது மூன்று ரீம்.

இந்த 500ஐயும் நூலகத்தில் அடுக்கி வைக்காதீர்கள். டீக்கடை, ரேஷன் கடை வரிசை, முடிதிருத்தகம், மகளிர் குழுக் கூட்டம், நூறு நாள் வேலைத்தளத்தில் மதியம் உட்காரும் மரத்தடி என்று ஆட்கள் காத்திருக்கும் இடத்துக்குப் போகட்டும். தூத்துக்குடியில் ஒரு முடிதிருத்தகத்தில் புத்தக அலமாரி வைத்து, படிப்பவருக்குக் கட்டணத்தில் சலுகை கொடுத்தது நாடறிந்த செய்தி. படிக்கத் தெரியாதவருக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோகும் நூலக நண்பர்கள் திட்டத் தன்னார்வலர்களும், இல்லம் தேடிக் கல்வியில் பணியாற்றிய தன்னார்வலர்களும் அதற்குப் பொருத்தமானவர்கள். மாதம் ஒரு கதை, மாதக் கடைசி ஞாயிறு அதே கதையைப் பற்றி அரை மணி நேரப் பேச்சு. பேச்சாளர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். கதையில் வரும் ஆள் செய்தது சரியா என்று ஒருவர் கேட்டால் போதும், பேச்சு தானாக நடக்கும்.

பணத்தைப் பற்றி ஒரே ஒரு சொல். 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரி கட்டும் ஒவ்வொரு வீடும் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறது. உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்த அந்தத் தொகை ஆணைக்குழுவின் கணக்குக்கு வந்து சேரத் தாமதமாவது பழைய குறை. எந்த ஊராட்சி, எந்த நகராட்சி எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு செலுத்தியது என்ற பட்டியலை ஒவ்வொரு காலாண்டும் நூலகத் தகவல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு தொகுதிக்கான புத்தகச் செலவு 18,000 ரூபாய்தான் என்பதைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

அறிக்கைகளில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று கேட்பதை நிறுத்திவிட்டு இரண்டு எண்களைக் கேளுங்கள். இந்த மாதம் எத்தனை தடவை புத்தகம் வீட்டுக்குப் போனது? பெட்டியில் ஒரு தடவைகூடப் போகாதவை எத்தனை, அவை எவை? இரண்டாவது எண்ணே அதிகம் சொல்லும். தலைவர் வரலாறும் நீதிக்கதையும் நிறைந்த பெட்டியில் பாதிக்கு மேல் அசையாமல் கிடக்கும். விடுகதை, பேய்க்கதை, விலங்குகள், செய்துபார்க்கும் அறிவியல், எழுத்தே இல்லாத படக்கதை ஆகியவை அட்டை கிழிந்து வரும். கிழிந்து வருவதை இன்னும் இரண்டு பிரதி வாங்குங்கள், அசையாததை அடுத்த கொள்முதலில் குறையுங்கள். கிழிந்த புத்தகத்துக்கு விளக்கம் கேட்டு யாருக்கும் குறிப்பாணை அனுப்பாதீர்கள்.

மாவட்டம் முழுவதையும் முதல் ஆண்டே தொட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். ஒன்றியத்துக்கு ஒரு தொகுதி என்று தொடங்குங்கள். இழப்பு அளவுக்கான ஆணையும், கைமாற்றுச் சீட்டின் படிவமும், நூலகருக்கான புதன்கிழமைப் பணி நேர உத்தரவும் ஏப்ரல் முடிவதற்குள் கைக்கு வந்தால், மே மாத விடுமுறையில் தையல் வேலையை முடித்து, ஜூலை முதல் வாரத்தில் ஐந்து பெட்டியை அனுப்பிவிட்டு ஆறாவதை நூலகத்தில் வைத்துக்கொள்ள நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப்புற நூலகர்கள், அரசுப் பள்ளி ஆசிரியர்கள், வாசகர் வட்டத்தினர்